எது முதலில் வந்தது?



தென்காசிப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி இன்லேண்ட் லெட்டர் போட்டிருக்கிறார். இப்போதெல்லாம் இன்லேண்ட் லெட்டர் வருவதே அபூர்வம். வந்தால் அலுவலகத்தில் நாலு பேர் வாங்கி வாங்கிப் பார்க்கிறோம். மகளைத் தனிக்குடித்தனம் வைக்கிறாராம். சாமான்களில் கிரைண்டர் மட்டும் பாக்கி. போன இதழில் வந்த டேபிள் டாப் கிரைண்டர் சோதனையைப் படித்து, முதலிடம் பெற்றதையே வாங்கிவிடலாம் என்று முடிவு செய்து, இதழைக் கவிழ்த்து வைத்திருக்கிறார். வைத்ததும் பின் அட்டை மேலே வந்திருக்கிறது. அதே கிரைண்டர், முழுப் பக்கத்துக்கு, பக்கத்தில் ஒரு நடிகை சிரித்துக்கொண்டு.

"ஆசிரியர் அவர்களே, ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். எது முதலில் வந்தது? மார்க்கா, விளம்பரமா?"

நேராகவே சொல்லிவிடுகிறேன். விளம்பரம்தான் முதலில் வந்தது. சித்திரையிலேயே ஆறு இதழ்களுக்குப் பின் அட்டையை அந்த நிறுவனம் மொத்தமாகப் பிடித்துவைத்துவிட்டது. கிரைண்டர் சோதனை என்ற யோசனை ஆடி பிறந்த பிறகுதான் எங்கள் கூட்டத்தில் எழுந்தது. சோதித்தவர்களுக்குப் பின் அட்டையில் என்ன வரப்போகிறது என்று தெரியாது. எனக்குத் தெரியும்.

ஐந்து கிரைண்டர்களையும் கடையில் விலை கொடுத்துத்தான் வாங்கினோம். எங்கள் உதவி ஆசிரியர் ஒருவரின் வீட்டுக் கூடத்தில் வரிசையாக வைத்து, அவருடைய மாமியார் ஆட்டினார். ஆட்டுக்கல் காலத்திலிருந்து மாவு பார்த்த கை. ஒரே மூட்டையிலிருந்து அளந்த முழு உளுந்து, ஒவ்வொன்றுக்கும் கால் கிலோ, ஒரே நேரம் ஊறியது. பதினைந்தாவது நிமிடத்தில் விரல் நுனியால் ஒரு சொட்டு மாவை எடுத்து டம்ளர் தண்ணீரில் விடுவார். மிதந்தால் சரி, மூழ்கினால் இன்னும் ஐந்து நிமிடம். ஒன்றில் அரை மணி ஓடியும் சொட்டு அடியில் போய் உட்கார்ந்துகொண்டது. இன்னொன்றில் மாவு சீக்கிரமே மிதந்துவிட்டது, ஆனால் தொட்டால் சூடு. "இவ்வளவு சூடானா காலையில புளிச்சுதான் நிக்கும், இட்லி எழும்பாது" என்றார் அந்த அம்மா. மறுநாள் இட்லி அவர் சொன்னபடியே வந்தது. முதலிடம் பெற்றதில் மாவு பஞ்சு மாதிரி, பாத்திரத்தில் மற்றவற்றைவிட இரண்டு விரற்கடை உயரமாக நின்றது. அதன் கல்லைக் கழற்றிக் கழுவுவது பெரும்பாடு, அதையும் எழுதியிருந்தோம்.

இதையெல்லாம் ஒரு கார்டில் எழுதி அன்றைக்கே பதில் போட்டிருக்கலாம். போடவில்லை. கடிதம் மூன்று நாள் மேஜைமேலேயே கிடந்தது. நான் சொன்னது அத்தனையும் நிஜம் என்றாலும், தென்காசியில் இருப்பவர் அதை எப்படிச் சரிபார்ப்பார்? என் வார்த்தையைத் தவிர அவருக்குச் சாட்சி கிடையாது. அந்த வார்த்தைக்கு ஒரு முறை நானே பங்கம் செய்திருக்கிறேன்.

பல வருஷத்துக்கு முந்தைய தீபாவளிச் சிறப்பிதழ். பத்திரிகை நடத்துகிறவர்களுக்குத் தீபாவளி என்பது அறுவடை. வருஷம் முழுக்கத் தாள் வாங்கிய கடன் அந்த ஓர் இதழில் அடைந்தால் உண்டு. அந்த இதழில் மிக்ஸி சோதனை. ஒரு மிக்ஸியில் சட்னி ஜாரின் அடியில், பிளேடு பொருந்தும் இடத்தில், கசிவு. தேங்காய்ச் சட்னி அரைத்தால் மோட்டார்மேல் வெள்ளையாக வழிந்து நின்றது. மூன்று முறை அரைத்துப் பார்த்து, "ஜாரின் அடியில் தண்ணீர் கசிகிறது" என்று எங்கள் உதவி ஆசிரியர் எழுதியிருந்தார். அந்த நிறுவனத்துக்கு நடுப்பக்கத்தில் இரண்டு பக்க விளம்பரம்.

விளம்பரப் பிரிவிலிருந்து யாரும் என்னை மிரட்டவில்லை. எங்கள் விளம்பர மேலாளர் தங்கமான மனிதர். டீ டம்ளரோடு என் அறைக்கு வந்து, "இந்த மாசம் மிக்ஸியா சார்?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். "நல்லது சார்" என்று போய்விட்டார். அவ்வளவுதான் நடந்தது.

அன்று ராத்திரி ஃபாரம் அச்சுக்குப் போவதற்கு முன்னால் பேனாவை எடுத்தேன். "ஜாரின் அடியில் தண்ணீர் கசிகிறது" என்ற வரியை அடித்துவிட்டு, "ஜாரை இறுக்கமாகப் பொருத்திய பிறகே அரைக்க வேண்டும்" என்று எழுதினேன். படித்துப் பாருங்கள், பொய் ஒன்றும் இல்லை. எந்த மிக்ஸிக்கும் பொருந்தும் அறிவுரை. ஆனால் ஒரு பேனாக் கீறலில், நிறுவனத்தின் குற்றம் வீட்டில் சட்னி அரைக்கிறவரின் குற்றமாகிவிட்டது. அதை வாங்கிய வாசகி, கசியும்போதெல்லாம் தான் சரியாகப் பொருத்தவில்லை என்று நினைத்திருப்பார். வீட்டில் பேச்சும் கேட்டிருப்பார். புரூஃபில் அந்த வரியைப் பார்த்த உதவி ஆசிரியர் என்னை நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தார். எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அந்த மாடல் இப்போது கடையில் இல்லை. சோதனைக்கு வாங்கிய மிக்ஸி மட்டும் என் வீட்டில் இருக்கிறது. என் மனைவி அதன் அடியில் ஒரு பழைய துண்டை மடித்து வைத்துத்தான் அரைக்கிறார். நான் சாப்பிட உட்காரும்போது அந்தத் துண்டு கண்ணில் படாமல் இருந்ததில்லை.

விளம்பரதாரர் என்றால் சினிமா வில்லன் மாதிரி ஃபோனில் உறுமுவார் என்று வெளியே இருப்பவர்கள் நினைக்கிறார்கள். அப்படி உறுமுவதும் உண்டு. 2005-ல் அமெரிக்காவின் 'லாஸ் ஏஞ்சலிஸ் டைம்ஸ்' நாளிதழில் டான் நீல் என்ற கார் விமர்சகர், ஜெனரல் மோட்டார்ஸின் போன்டியாக் ஜி6 காரையும் அந்த நிறுவனத்தின் தலைமையையும் சேர்த்து விளாசினார். முந்தைய வருஷம்தான் புலிட்சர் பரிசு வாங்கியவர். ஜெனரல் மோட்டார்ஸ் அந்த நாளிதழுக்குக் கொடுத்துவந்த விளம்பரங்களை நிறுத்தியது. சில மாதம் கழித்துத் திரும்பக் கொடுத்தது. அது பெரிய பத்திரிகை, தாங்கியது. இப்படி ஊரறிய நடக்கும் சண்டையில் வாசகருக்குப் பெரிய நஷ்டமில்லை. யார் எங்கே நிற்கிறார்கள் என்றாவது தெரிந்துவிடுகிறது.

தெரியாமல் நடப்பதுதான் வேறு விதம். வீடியோ கேம் என்றால் நம் வாசகர்களில் பாதிப் பேர் பேரப்பிள்ளை சமாச்சாரம் என்று பக்கத்தைப் புரட்டிவிடுவீர்கள், கொஞ்சம் பொறுங்கள். 'கேம்ஸ்பாட்' என்று விளையாட்டுகளுக்கு மார்க் போடும் ஒரு அமெரிக்க ஊடகம். 2007 நவம்பரில் அதன் மூத்த விமர்சகர் ஜெஃப் கெர்ஸ்ட்மன், 'கேன் அண்ட் லிஞ்ச்' என்ற விளையாட்டுக்குப் பத்துக்கு ஆறு போட்டார். சுமார் ரகம் என்று அர்த்தம். அதே சமயம் கேம்ஸ்பாட்டின் முகப்பு முழுக்க அந்த விளையாட்டின் விளம்பரம். மாத முடிவில் கெர்ஸ்ட்மன் வேலையில் இல்லை. விளம்பரதாரர் சொல்லி நீக்கவில்லை என்றது நிர்வாகம். சம்பந்தப்பட்டவரோ ஒப்பந்தத்தால் வாய் கட்டப்பட்டிருந்தார். அவருடைய சகாக்கள் சிலர் தாங்களாகவே வெளியேறினார்கள். 2012-ல்தான் அவரால் வாய் திறக்க முடிந்தது. மார்க் குறைந்தால் விளம்பரத்தை எடுத்துவிடுவோம் என்று விளையாட்டு நிறுவனங்கள் சொல்வதும், அதை எப்படிச் சமாளிப்பது என்று புதிதாக வந்த நிர்வாகத்துக்குத் தெரியாமல் போனதும் அப்போது வெளியே வந்தன.

இதில் என்னைத் தொட்டது அந்த ஆறு மார்க். அவர் பூஜ்யம் போடவில்லை, திட்டவில்லை. ஆறுக்குப் பதில் எட்டு போட்டிருந்தால் ஒரு பிரச்சினையும் வந்திருக்காது. எந்த வாசகரும் கண்டுபிடித்திருக்கவும் மாட்டார். அந்த இரண்டு மார்க்கைத்தான் நான் என் மிக்ஸிக்குப் போட்டேன்.

கேம்ஸ்பாட் இருந்த அதே குடும்பத்து ஊடகம் 'சிநெட்'. பிற்பாடு இரண்டும் சிபிஎஸ் என்ற பெரிய தொலைக்காட்சி நிறுவனத்தின் கைக்குப் போயின. 2013 ஜனவரியில் லாஸ் வேகாஸ் மின்னணுக் கண்காட்சியில், சிறந்த பொருளுக்கான விருதைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு சிநெட் ஆசிரியர்களிடம் இருந்தது. 'டிஷ்' நிறுவனத்தின் ஹாப்பர் என்ற டிவி பெட்டியை அவர்கள் தேர்ந்தெடுத்தார்கள். அந்தப் பெட்டியின் விசேஷம், பதிவான நிகழ்ச்சிகளில் விளம்பரங்களைத் தாண்டிக் குதித்துவிடும் வசதி! விளம்பரத்தில் பிழைக்கும் சிபிஎஸ் அதை எதிர்த்து ஏற்கெனவே நீதிமன்றத்தில் நின்றது. வழக்கில் உள்ள பொருளைப் பரிசீலிக்கக் கூடாது என்று மேலிடத்து உத்தரவு வந்தது. விருது வேறு பொருளுக்குப் போனது. விஷயம் வெளியானதும் கிரெக் சாண்டோவல் என்ற செய்தியாளர் ராஜினாமா செய்தார். கண்காட்சியை நடத்தியவர்கள் ஹாப்பரையும் வெற்றியாளராக அறிவித்து, சிநெட்டுடன் இருந்த விருது ஏற்பாட்டையே முடித்துக்கொண்டார்கள். விளம்பரதாரரைக்கூடச் சமாளித்துவிடலாம், முதலாளிக்கே வேறு வியாபாரம் இருந்தால் ஆசிரியர் எங்கே போய் முட்டிக்கொள்வார்?

"அப்படியானால் விளம்பரமே வாங்காமல் நடத்த வேண்டியதுதானே?" என்று நீங்கள் கேட்பது கேட்கிறது. நடத்தியவர்கள் உண்டு. காந்திஜி 'யங் இந்தியா'வையும் 'நவஜீவ'னையும் விளம்பரமே இல்லாமல் நடத்தினார். தென்னாப்பிரிக்காவில் 1903-ல் தொடங்கி, ஆரம்ப வருஷங்களில் தமிழ்ப் பகுதியும் வெளியிட்ட 'இந்தியன் ஒப்பீனிய'னிலும் ஒரு கட்டத்தில் விளம்பரத்தை நிறுத்தினார். மறுபக்கம் பாருங்கள்: 1928-ல் 'ஆனந்த விகட'னை வாங்கித் தமிழ்ப் பத்திரிகை உலகத்தையே புரட்டிப்போட்ட எஸ்.எஸ்.வாசன், விளம்பரத் தொழிலிலிருந்து வந்தவர். இரண்டும் நம் பரம்பரைதான். நான் இரண்டாவது வழியில் நிற்கிறவன். உங்கள் கையில் உள்ள இதழுக்கு நீங்கள் கொடுக்கும் காசு தாளுக்கும் மைக்குமே பற்றாது. விளம்பரம் இல்லாமல் போட்டால் விலையைக் கேட்டுவிட்டு நீங்களே பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிக்கொள்வீர்கள்!

பொருள்களைச் சோதித்துச் சொல்வதையே தொழிலாக வைத்து, விளம்பரமே தொடாமல் தொண்ணூறு வருஷத்தை எட்டும் ஒரு பத்திரிகை இருக்கிறது: அமெரிக்காவின் 'கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ்'. அதன் கதையை இளம் செய்தியாளர்களுக்கு நான் அடிக்கடி சொல்வதுண்டு. நியூஜெர்சியில் பொருள் சோதனை செய்துவந்த ஓர் அமைப்பில் 1935-ல் வேலைநிறுத்தம் வெடித்தது. பிரிந்து வந்தவர்கள் அடுத்த வருஷமே தனியாக ஒன்றைத் தொடங்கினார்கள். 1936 மே மாதம் முதல் இதழ். பால், சோப்பு, காலுறை என்று அன்றாடச் சாமான்கள்தான் உள்ளே. எங்களிடம் விளம்பரம் கிடையாது, சந்தா சேருங்கள் என்று மற்றப் பத்திரிகைகளில் விளம்பரம் கொடுக்கப் போனால், பல பத்திரிகைகள் அந்த விளம்பரத்தை வாங்க மறுத்துவிட்டன. தங்கள் விளம்பரதாரர்களின் சோப்பைக் குறை சொல்கிறவர்களுக்கு எப்படி இடம் கொடுப்பது! இதை முதலில் படித்தபோது வாய்விட்டுச் சிரித்தேன். பிறகு, நானாக இருந்தால் வாங்கியிருப்பேனா என்று யோசித்தேன்.

சோதனைக்கு வேண்டிய பொருளை, தாங்கள் யாரென்று சொல்லாமல், சாதாரண வாடிக்கையாளர் மாதிரி கடையில் வாங்குவது அவர்கள் வழக்கம். கார்கூட அப்படித்தான். நிறுவனம் அனுப்பிவைக்கும் கார் சோதனைக்கென்றே துடைத்து, முடுக்கி, எண்ணெய் போட்டு வரும். நீங்கள் வாங்கும் கார் அப்படி வராது. தங்கள் மார்க்கை எந்த நிறுவனமும் தன் விளம்பரத்தில் போட்டுக்கொள்ளவும் நெடுங்காலம் அவர்கள் அனுமதித்ததில்லை. இதற்கும் விலை கொடுத்திருக்கிறார்கள். 1988-ல் சுசுகி சாமுராய் வண்டி திருப்பத்தில் கவிழக்கூடியது என்று எழுதினார்கள். 1996-ல் சுசுகி வழக்குப் போட்டது. 2004-ல் பணம் எதுவும் கைமாறாமல் சமரசமாக முடிகிறவரை அதைச் சுமந்தார்கள்.

அவர்களிடம் நான் மதிப்பது இது எதையும் அல்ல. 2007 தொடக்கத்தில் குழந்தைகளுக்கான கார் இருக்கைகளைச் சோதித்து, பன்னிரண்டில் இரண்டு மட்டுமே தேறின என்று வெளியிட்டார்கள். நாடு முழுக்கப் பெற்றோர்கள் பதறினார்கள். பிறகு தெரிந்தது, பக்கவாட்டு மோதல் சோதனையில் தவறு. மணிக்கு 38 மைல் வேகத்து மோதலை ஒத்திருக்க வேண்டியது, 70 மைலுக்கு மேற்பட்ட மோதலின் உக்கிரத்தோடு நடந்திருக்கிறது. வெளியிட்டு இரண்டு வாரத்துக்குள் அந்த அறிக்கையை முழுவதுமாகத் திரும்பப் பெற்றார்கள். விளம்பரக் காசே வாங்காத இடத்தில் இவ்வளவு பெரிய தப்பு. எனவே விளம்பரம் இல்லாவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று என்னால் சொல்ல முடியாது. எங்கே தவறு நடந்தது என்று கண்டுபிடிக்க முடிந்ததே, அதற்கு என்ன வேகம், எந்தச் சோதனை என்று எழுதி வைத்திருந்தது உதவியது. என் மிக்ஸி வரிக்கு அப்படி ஒரு குறிப்பும் இல்லை. என் மனசாட்சியும் அந்தத் துண்டும்தான்.

நம் நாட்டிலும் ஆமதாபாத்தில் 1978-ல் தொடங்கிய நுகர்வோர் கல்வி, ஆராய்ச்சி மையம் சொந்தச் சோதனைக்கூடம் வைத்துப் பொருள்களை ஒப்பிட்டு எழுதியது. சட்டமும் வந்திருக்கிறது. 2022 ஜூன் மாதத்து மத்திய அரசு வழிகாட்டு நெறிகளின்படி, ஒரு பொருளைப் பரிந்துரைப்பவருக்கும் நிறுவனத்துக்கும் கொடுக்கல் வாங்கல் இருந்தால் சொல்லிவிட வேண்டும். தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை, திரும்பச் செய்தால் 50 லட்சம் வரை அபராதம். யூடியூப் தம்பிகள் சிலர் இப்போது "இந்த ஃபோனை கம்பெனியே கொடுத்தாங்க" என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறார்கள். நல்ல பழக்கம். ஆனால் பிரஸ் மீட்டில் நீட்டப்படும் கவருக்கும், தீபாவளிக்கு வரும் ஸ்வீட் பாக்ஸுக்கும் அச்சுப் பத்திரிகைக்காரர்களான நாங்கள் என்றைக்காவது அப்படிச் சொல்லியிருக்கிறோமா?

கமிஷன் என்று ஒரு புது வழியும் வந்திருக்கிறது. விமர்சனத்தைப் படித்து, அங்கிருந்தே கடைக்குப் போய் வாசகர் வாங்கினால் எழுதியவருக்கு ஒரு பங்கு. இதில் எந்த கம்பெனிக்கும் சாய வேண்டிய அவசியம் இல்லை என்பார்கள். வாஸ்தவம்தான். ஆனால் "இருக்கிற கிரைண்டரே போதும், பெல்ட்டை மட்டும் மாற்றுங்கள்" என்று எழுதினால் ஒரு பைசா வராது. நம் வீடுகளில் பாதிக் கிரைண்டருக்கு அதுதான் சரியான வைத்தியம்.

தென்காசி அம்மாவுக்குத் தனியாகக் கடிதம் எழுதிவிட்டேன். அவர் கேள்வியால் இங்கே சில மாற்றங்கள். சோதனைக்கு வாங்கும் பொருளின் பில்லைக் கட்டுரையோடு அச்சிடப்போகிறோம்: எந்த ஊர்க் கடை, என்ன தேதி, என்ன விலை. எப்படிச் சோதித்தோம், யார் சோதித்தார்கள் என்பது பெட்டிச் செய்தியாக வரும். சோதித்தவர் எழுதிய வரியை நான் மாற்றினால், அவர் கையெழுத்துப் போடாமல் ஃபாரம் போகாது. இந்த விதியை அன்று புரூஃபில் என்னை நிமிர்ந்து பார்த்தவரே எழுதிக் கொடுத்தார். இப்போது அவர் பொறுப்பாசிரியர். பணம் வாங்கிப் போடும் கட்டுரைகளின் மேல் பொடி எழுத்தில் இருந்த 'விளம்பரப் பகுதி' என்ற வார்த்தை, தலைப்பு எழுத்தின் அளவுக்கு வளரும். எந்தப் பொருளைச் சோதிக்கிறோமோ அந்தப் பொருளின் விளம்பரம், எந்த நிறுவனத்துடையது ஆனாலும், அந்த இதழில் வராது. இந்தக் கடைசி விதிக்கு எங்கள் கணக்குப் பிரிவு இன்னும் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

அடுத்த இதழில் சீலிங் ஃபேன் சோதனை. மதுரையிலும் ஈரோட்டிலும் ஆறு ஃபேன்கள் வாங்கியாகிவிட்டது. எல்லாம் மூன்றாம் மாடி அறையில் சுற்றிக்கொண்டிருக்கின்றன. விளம்பர மேலாளரைக் கூப்பிட்டு, அந்த இதழில் ஃபேன் விளம்பரம் வேண்டாம் என்றேன். மறுவார்த்தை பேசாமல் டைரியில் குறித்துக்கொண்டார். டீயைக் குடித்து முடித்து, வாசல் வரை போய், திரும்பி நின்றார்.

"இன்வெர்ட்டர் விளம்பரம் வரலாமா சார்?"

கரண்ட் போனால் ஃபேன் ஓட இன்வெர்ட்டர் வேண்டும். அதைவிட, நாங்கள் வாங்கிய ஆறு ஃபேன்களில் ஒன்றைச் செய்கிற கம்பெனி இன்வெர்ட்டரும் செய்கிறது. நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். இதை எழுதும் இந்த நேரம் வரை சொல்லவில்லை.

அன்புடன்,
ஆசிரியர்